தகட்டில் வெட்டிய தமிழ்: திண்டுக்கல் வட்டாரத்து ஸ்டென்சில் எழுத்தும் ஒரு முரட்டு எழுத்துருவின் தேவையும்

தகடும் பிடிப்பும்

ஸ்டென்சில் எழுத்து வெற்றிடத்தால் ஆனது. தகரத்திலோ கெட்டி அட்டையிலோ எழுத்தின் கோடுகள் துளையாக வெட்டப்படுகின்றன. தகட்டைச் சாக்கின் மீது வைத்து மை தோய்ந்த பஞ்சால் ஒற்றினால் துளை வழியே எழுத்து விழுகிறது. ‘ட’ வெட்டுவதில் எந்தச் சிக்கலும் இல்லை. ‘ம’ வெட்டும்போது வலப்பக்கச் சுழிக்குள் இருக்கும் தகரம் நாற்புறமும் அறுபட்டுக் கீழே விழுந்துவிடும். அது விழாமலிருக்கக் கோட்டின் குறுக்கே சிறு பட்டை ஒன்றை வெட்டாமல் விட வேண்டும். இக்கட்டுரை அந்தப் பட்டையைப் ‘பிடிப்பு’ என்று குறிக்கிறது. ஒற்றி எடுத்த எழுத்தில் ஆங்காங்கே தெரியும் இடைவெளிகள் பிடிப்பு இருந்த இடங்களே.

தடித்த, சமமான கோடு, அங்கங்கே அறுந்த உருவம், கரடுமுரடான விளிம்பு: இம்மூன்றும் சேர்ந்த காட்சி எழுத்துருக்கள் ஆங்கிலத்தில் ஏராளம். ஜேம்ஸ் கிரீஷேபரின் ‘பிளாக் ஆப்ஸ் ஒன்’ இவற்றில் முதல் இரண்டையும் கொண்ட, இலவசமாகக் கிடைக்கும் ஒன்று. அதே தோற்றத்தைத் தமிழுக்குக் கொண்டுவர விரும்புவோர் பெரும்பாலும் இருக்கும் தமிழ் எழுத்துருவின் நடுவே செங்குத்தாக ஒரு கீறல் போட்டு நிறுத்திக்கொள்கின்றனர். இந்தக் குறுக்குவழி தமிழுக்குப் பொருந்துமா என்பதே இங்கு ஆராயப்படும் கேள்வி. திண்டுக்கல் நகரமும் அதைச் சுற்றிய சமவெளியும் இதற்கு ஏற்ற களம். மூட்டை, பெட்டி, லாரி, வாடகை நாற்காலி என்று தகட்டு எழுத்து அன்றாடம் புழங்கும் வணிக ஊர் அது.

தொழிற்கருவி எழுத்துருவான கதை

தகட்டு எழுத்து அச்செழுத்தாகும் முன்பே கைவினையாக முதிர்ந்திருந்தது. பாரிஸில் ஜான் கேப்ரியல் பெரி என்ற கைவினைஞர் வெட்டிய பித்தளைத் தகட்டுத் தொகுதி ஒன்றை பெஞ்சமின் பிராங்க்ளின் 1781இல் வாங்கினார். அது இன்றும் பிலடெல்பியாவில் அமெரிக்கத் தத்துவக் கழகத்தின் காப்பில் உள்ளது. அதன் நேர்த்தியான எழுத்துகளைப் பார்ப்பவருக்கு, ஸ்டென்சில் என்றாலே முரட்டுத்தனம் என்ற கருத்து பிற்காலத்தில் வந்து சேர்ந்தது என்பது விளங்கும்.

அந்தக் கருத்தை நிலைநிறுத்தியது 1937ஆம் ஆண்டு. அமெரிக்காவில் லட்லோ நிறுவனத்துக்காக ராபர்ட் ஹன்டர் மிடில்டனும், அமெரிக்கன் டைப் பவுண்டர்ஸ் நிறுவனத்துக்காக ஜெர்ரி பாவலும் ஏறத்தாழ ஒரே நேரத்தில் ‘ஸ்டென்சில்’ என்ற ஒரே பெயரில் எழுத்துரு வெளியிட்டனர். ராணுவப் பெட்டிகளிலும் சரக்கு மூட்டைகளிலும் காணப்பட்ட வடிவம் இவற்றின் வழியே சினிமாத் தலைப்புக்கும் விளம்பரத்துக்கும் போனது. இதற்குச் சற்று முன்னர் ஜெர்மனியில் வேறொரு பாதை திறந்திருந்தது. யோசப் ஆல்பர்ஸ் 1920களில் சதுரம், முக்கோணம், கால்வட்டம் ஆகியவற்றை மட்டும் கொண்டு ஸ்டென்சில் எழுத்தை வகுத்தார். பால் ரென்னரின் ‘பியூச்சுரா பிளாக்’ 1929இல் வந்தது. இவர்களுக்குப் பிடிப்பு ஒரு குறையாகப் படவில்லை. எழுத்தைத் துண்டுகளாகப் பகுத்துப் பார்க்க அது உதவியது. தமிழுக்கு எடுத்துக்கொள்ளத் தக்கது இந்த இரண்டாவது பார்வைதான். முதலாவது வெறும் வேடம்.

சாக்கு, கிரேட், நாற்காலி

ஹைதர் அலி 1755இல் பவுஜ்தாராக (படைத்தலைவராக) அமர்ந்த கோட்டை ஊரான திண்டுக்கல், 1875இல் திருச்சி–மதுரை ரயில் பாதை வந்தபின் சரக்கு ஊரானது. புகையிலை, தோல், பருத்தி நூல், பூட்டு, வெங்காயம் என்று வெளியூர் போகும் பொருள்கள் அதிகம். தொலைவு போகும் மூட்டைக்கு அடையாளம் தேவை. மண்டிக்காரர் பேச்சில் அது ‘மார்க்கா’. சணல் சாக்கின் முரட்டு நெசவில் மெல்லிய கோடு நிற்காது. இழைகளுக்கிடையே மை விழுந்து விளிம்பு சிதறும். ஆகவே தடித்த கோடும் பெரிய அளவும் அழகுக்காக வந்தவை அல்ல; சாக்கு கேட்டவை.

1987ஆம் ஆண்டின் சணல் சிப்பக் கட்டாயப் பயன்பாட்டுச் சட்டம் உணவு தானியத்துக்கும் சர்க்கரைக்கும் சணல் சாக்கைக் காத்துவருகிறது. மற்றவை பெரும்பாலும் பிளாஸ்டிக் நெசவுப் பைக்கும் வலைப் பைக்கும் மாறிவிட்டன. பிளாஸ்டிக் பை ஆலையிலேயே அச்சாகி வருவதால் தகட்டுக்கு அங்கு வேலை இல்லை. ஆனால் கேரளத்துக்குக் காய்கறி அனுப்பும் ஒட்டன்சத்திரம் போன்ற சந்தைகளில் தக்காளி கிரேட்கள் கைமாறிக்கொண்டே இருப்பதால், எது எந்தக் கடைக்குத் திரும்ப வேண்டும் என்பதைக் காட்டப் பெயிண்ட் எழுத்து தொடர்கிறது. கல்யாண வீட்டுக்குப் போகும் வாடகை நாற்காலியின் முதுகிலும் அதே காரணத்தால் கடைப்பெயர் அடிக்கப்படுகிறது. எண்ணிப் பார்த்தால் திரும்பி வர வேண்டிய பொருள்களே தகட்டு எழுத்தின் கடைசிப் புகலிடம். ரயில் பெட்டிகளில் அடுத்த பராமரிப்புக்குப் பணிமனை திரும்ப வேண்டிய தேதி எழுதப்படுவதும் இந்த வரிசையில் சேரும்.

சமையல் எரிவாயு சிலிண்டரின் கழுத்துப் பட்டையின் உட்புறம் இன்னொரு எடுத்துக்காட்டு. அடுத்த சோதனைக்குரிய காலாண்டு ஏ, பி, சி, டி என்ற ஆங்கில எழுத்தாலும் ஆண்டின் கடைசி இரு இலக்கங்களாலும் அங்கே குறிக்கப்படுகிறது. ஏ என்றால் ஜனவரி முதல் மார்ச் வரை. டி என்றால் அக்டோபர் முதல் டிசம்பர் வரை. அந்த நான்கு எழுத்துகளில் சி ஒன்றுக்கு மட்டுமே பிடிப்பு தேவையில்லை.

திண்டுக்கல்லின் பெயரைச் சுமக்கும் பூட்டு இக்கணக்கில் வராது. 2019இல் புவிசார் குறியீடு பெற்ற அந்தப் பூட்டிலோ, பாத்திரக் கடையில் ‘பேர் வெட்டும்போது’ பித்தளையிலோ எழுத்து மேற்பரப்பில் மட்டும் பதிகிறது. உலோகம் ஊடுருவி வெட்டப்படுவதில்லை. அதனால் சுழிக்குள் இருப்பது விழாது, பிடிப்பும் வேண்டாம். தோற்றத்தில் இரண்டும் முரடாக இருந்தாலும் கட்டுமானத்தில் வெவ்வேறு. எழுத்துரு வடிவமைப்பாளர்கள் இவ்விரண்டையும் அடிக்கடி குழப்பிக்கொள்கின்றனர்.

ஆங்கில முதலெழுத்துகள் ஏன்

இவ்வட்டார மார்க்காக்களில் ஆங்கில முதலெழுத்துகள் மிகுதி. கடைக்காரரின் பெயர் தமிழ், வாங்குபவர் தமிழர், சாக்கில் மட்டும் மூன்று ஆங்கில எழுத்து. ஆங்கில மோகம் என்று இதை எளிதாக விளக்கிவிடுவதுண்டு. மோகத்துக்குப் பங்கு இருக்கலாம். வெளிமாநில வணிகம் மற்றொரு காரணம். வாகனப் பதிவெண்ணைப் பொறுத்தவரை விதியே அப்படித்தான்: மத்திய மோட்டார் வாகன விதிகளின்படி எழுத்து ஆங்கிலத்திலும் எண் அரபு இலக்கத்திலும் இருக்க வேண்டும். திண்டுக்கல் லாரியின் பக்கப் பலகையில் 57 என்ற எண்ணுக்கு முன் ஆங்கில எழுத்து நிற்பது இதனால்தான்.

இவற்றுக்கு அப்பால் தகட்டின் கணக்கு ஒன்று உண்டு. அது போதிய கவனம் பெறவில்லை. ஆங்கிலப் பேரெழுத்து 26, இலக்கம் 10. ஆக 36 தகடு இருந்தால் எந்தப் பெயரையும் கோத்துவிடலாம். தமிழில் உயிர் 12, ஆய்தம் 1, அகரமேறிய மெய் 18, புள்ளி வைத்த மெய் 18, இகர ஈகார வடிவங்கள் 36, உகர ஊகார வடிவங்கள் 36, தனித்து நிற்கும் கால், கொம்பு வகைகள் 4. மொத்தம் 125. கிரந்த எழுத்தும் இலக்கமும் இதில் சேரவில்லை. 1978இல் எம்.ஜி.ஆர். அரசு ஏற்ற எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முன்னர் ணா, றா, னா, ணை, லை, ளை, னை முதலியவை தனி வடிவம் கொண்டிருந்ததால் எண்ணிக்கை இன்னும் அதிகம். பெரியார் 1935 முதல் ‘குடி அரசு’ இதழில் கையாண்ட சீர்மை அச்சுக்கோப்பவரின் சுமையைக் குறைத்ததாகவே பேசப்படுகிறது. தகடு வெட்டுபவரின் சுமையும் அதே அளவு குறைந்தது.

இவ்வளவு தகட்டைத் தொகுதியாக வைத்துக் கோப்பது கட்டுப்படியாகாது. ஆகவே தமிழ் ஸ்டென்சில், எழுத்து எழுத்தாக இல்லாமல் பெயர் பெயராக வெட்டப்பட்டது. ஒரு கடைக்கு ஒரு தகடு. தகடு தேய்ந்தால் அந்த எழுத்து வடிவமும் போயிற்று. பொதுவான தமிழ் ஸ்டென்சில் வடிவம் ஒன்று உருவாகாததற்கு இதுவே முதன்மைக் காரணமாகத் தோன்றுகிறது.

சுழி, நாக்கு, தண்டு

ஆங்கிலப் பேரெழுத்தில் மூடிய உள்வெளி கொண்டவை ஏழு: ஏ, பி, டி, ஓ, பீ, கியூ, ஆர். தமிழ் மெய்களில் க, ச, த, ண, ன, ம, வ, ள ஆகிய எட்டில் மூடிய சுழி வெளிப்படை. ல, ஞ, ழ போன்றவற்றில் அது வரைவைப் பொறுத்தது. ட, ப, ய, ர, துணைக்கால் ஆகியவற்றில் சுழியே இல்லை. ‘பட்டா’ என்ற சொல்லை ஒரு பிடிப்பும் இல்லாமல் வெட்டிவிடலாம். பேருந்து இருக்கைக்கு மேல் காணும் ‘பெண்கள்’ என்ற சொல்லிலோ ஒற்றைக் கொம்பில் ஒரு சுழி, ணகரத்தில் ஒன்று, ககரத்தில் ஒன்று, ளகரத்தில் ஒன்று என்று நான்கு இடத்தில் பிடிப்பு வேண்டும்.

சுழியைவிடத் தொல்லை தருவது நாக்கு. இ, ஞ, ண, ல போன்ற எழுத்துகளில் கோடு உள்நோக்கிச் சுருண்டு போகிறது. சுருளுக்கிடையே மிஞ்சும் தகரம் ஒரு முனையில் மட்டும் ஒட்டிக்கொண்டு நாக்குப் போலத் தொங்குகிறது. அது விழாது, ஆனால் நாலு முறை மை ஒற்றினால் மேலே வளைந்து எழும், அதனடியில் மை கசியும். ஆங்கிலத்தில் எஸ், ஜி ஆகியவற்றில் மட்டும் சிறிதளவு தலைகாட்டும் இந்தச் சிக்கல் தமிழில் எங்கும் உண்டு. ஆகவே மூடிய சுழிக்குப் பிடிப்பு விட்டால் போதும் என்ற ஆங்கில விதி தமிழுக்குப் பற்றாது. நீண்ட நாக்குக்கும் குறுக்கே ஒரு பிடிப்பு விட்டாக வேண்டும்.

பிடிப்பை எங்கே விடுவது? செங்குத்துக் கீறல் ஆங்கில ஓ எழுத்துக்குப் பொருந்துவதன் காரணம், அதன் நடுவில் எதுவும் இல்லை என்பதே. ககரத்தின் நடுவில் இருப்பது தண்டு. அங்கே கீறினால் எழுத்தின் முதுகெலும்பே போய்விடும். சற்று வலப்பக்கம் தள்ளிக் கீறினால் வேறு ஆபத்து. க, ச, த மூன்றும் மேற்பகுதியிலும் இடப்பக்கச் சுழியிலும் ஏறத்தாழ ஒன்றே. வேறுபாடு முழுவதும் வலப்புறத்திலும் கீழ்ப்புறத்திலும் இருக்கிறது. அங்கு அறுத்தால் மங்கிய சாக்கில் மூன்றும் ஒன்றாகிவிடும். ஆக, மூன்றுக்கும் பொதுவான இடப்பக்கச் சுழியில், அது தண்டைத் தொடும் இடத்தில் பிடிப்பு விடுவதே பாதுகாப்பானது. எழுத்துகள் எங்கே ஒத்திருக்கின்றனவோ அங்கே அறுக்கலாம். எங்கே வேறுபடுகின்றனவோ அங்கே கை வைக்கக் கூடாது.

இந்த விதி மற்ற எழுத்துகளிலும் செல்லுபடியாகிறது. பள்ளிப் பிள்ளைகள் ண, ன இரண்டையும் ‘மூணு சுழி’, ‘ரெண்டு சுழி’ என்று பிரித்துச் சொல்வது, வேறுபாடு சுழிகளின் எண்ணிக்கையில் இருப்பதால்தான். பிடிப்பு தவறான இடத்தில் விழுந்தால் ஒரு சுழி காணாமல் போகும். எ–ஏ, ஒ–ஓ இணைகளில் வேறுபாடு ஒரு சிறு கோட்டிலோ ஒரு முனைச் சுழிப்பிலோ தங்கியிருக்கிறது. பதினெட்டாம் நூற்றாண்டில் வீரமாமுனிவர் செய்ததாகக் கூறப்படும் இந்த வேறுபாடு அச்சில் நிலைத்துவிட்டது. தகட்டிலோ அந்தச் சிறு கோடுதான் முதலில் மை அடைத்துக்கொள்ளும் இடம். புள்ளிக்கும் அதே கதி. ஓலையில் எழுதியவர்கள் பெரும்பாலும் புள்ளியை விட்டுவிட்டு எழுதினார்கள். படிப்பவர் இடம் பார்த்து ஊகித்துக்கொண்டார். கடைப்பெயரில் அப்படி ஊகிக்க விட முடியாது. எனவே தகட்டுத் தமிழில் புள்ளி கோட்டின் தடிப்பைவிடப் பெரிதாக இருக்க வேண்டும். சிறு வளையமாகப் புள்ளி வைக்கும் பாணி இங்கு ஆகவே ஆகாது, அதற்கும் ஒரு பிடிப்பு தேவைப்படும் என்பதால்.

கோடு தன்னைத் தானே குறுக்கிடும் எழுத்துகளுக்குச் சிக்குக் கோலத்தின் வழி உதவும்: குறுக்கிடும் இடத்தில் ஒரு கோடு மேலே போவதாகவும் மற்றது அடியில் போவதாகவும் கொண்டு, அடியில் போவதை மட்டும் இருபுறமும் சற்று அறுத்துவிட்டால் உள்ளிருக்கும் தகரம் நிற்கும், கோட்டின் ஓட்டமும் கண்ணுக்குத் தெரியும்.

சுவரில் ஒரு சின்னம்

எழுத்தறிவைச் சார்ந்திராத வடிவம் ஒன்று திண்டுக்கல்லில்தான் பொதுவாழ்வுக்கு வந்தது. அ.தி.மு.க. 1972 அக்டோபரில் தொடங்கப்பட்டபின் சந்தித்த முதல் பெரும் தேர்தல், 1973 மே மாதம் நடந்த திண்டுக்கல் மக்களவை இடைத்தேர்தல். வேட்பாளர் மாயத்தேவர் இரட்டை இலைச் சின்னத்தில் நின்று வென்றார். சுவரில் வரைவது எளிது என்பதால் அச்சின்னம் தேர்ந்தெடுக்கப்பட்டது என்று சொல்லப்படுவதுண்டு. தேர்வின் காரணம் எதுவாயினும், தகட்டுக் கண்ணோடு பார்த்தால் வடிவம் அதற்கு ஒத்துப்போகிறது. இலையின் நடுநரம்பை வெட்டாமல் விட்டால் அதுவே பிடிப்பு. உதயசூரியன் சின்னமும் இந்த வகையில் சளைத்ததல்ல. கதிர்கள் தனித்தனித் துளைகள், ஒன்றுக்கொன்று இடையே உள்ள தகரம் தானாகவே உறுதி தருகிறது. வேட்பாளர் பெயரைத் தூரிகைக்காரர் எழுத, சின்னத்தைத் தகடு போட்டு அடிப்பது சுவர் விளம்பரத்துக்கு ஏற்ற வேலைப் பங்கீடு. 1959ஆம் ஆண்டின் பொது இடங்களை உருக்குலைத்தல் தடுப்புச் சட்டமும் தேர்தல் ஆணையத்தின் கெடுபிடியும் சேர்ந்து நகரச் சுவர்களில் இதை இப்போது வெகுவாகக் குறைத்துவிட்டன.

பிடிப்பு தேவையற்றுப்போன இடங்களும் திரும்பி வந்த இடமும்

‘ஸ்டென்சில் வெட்டுவது’ என்றால் ஒரு தலைமுறை அலுவலர்களுக்கு நினைவு வருவது சைக்ளோஸ்டைல் மெழுகுத்தாள். அதில் தட்டச்சு எழுத்து மெழுகை மட்டும் விலக்கியது. தாளின் நார் அப்படியே நின்றது. சுழிக்குள் இருந்த மெழுகு நாரைப் பற்றிக்கொண்டு நின்றதால் பிடிப்பு வேண்டியிருக்கவில்லை. ஸ்கிரீன் பிரிண்டிங்கிலும் துணியின் வலை அதே வேலையைச் செய்கிறது. வண்டிகளுக்கு ‘ரேடியம்’ ஒட்டும் கடையில் வினைல் தாளைக் கத்தி வெட்டுகிறது. சுழியின் உட்பகுதியை மேலே ஒட்டும் இடமாற்றுத் தாள் பிடித்துக்கொள்கிறது. இம்மூன்று முறைகளிலும் பிடிப்பு போட்ட எழுத்தைக் கண்டால் அது அலங்காரம் என்று கொள்ளலாம்.

இதைக் கொண்டு ஸ்டென்சில் வடிவம் தேவை இழந்து பாணியாக எஞ்சிவிட்டது என்ற முடிவுக்கு வருவோர் பலர். அந்த முடிவு அவசரமானது. எஃகுத் தகட்டில் வீட்டுப் பெயரையும் குலதெய்வத்தின் பெயரையும் லேசரால் ஊடுருவ வெட்டிக் கேட்டில் பொருத்தும் வழக்கம் இன்று சிற்றூர்வரை பரவியிருக்கிறது. லேசருக்கும் தகரக் கத்தரிக்கும் இந்த விஷயத்தில் வேறுபாடு இல்லை: சுழியைச் சுற்றி வெட்டினால் உள்ளிருப்பது விழும். கணினியில் இருக்கும் சாதாரணத் தமிழ் எழுத்துருவை அப்படியே வெட்டக் கொடுத்தால் ககரமும் மகரமும் கண் அடைபட்டு, சுழி முழுவதும் ஓட்டையாகிப்போன பெயர்ப்பலகைதான் கைக்கு வரும். இயந்திரம் இயக்குபவர் கோப்பைத் திறந்து எழுத்துக்கு எழுத்து பிடிப்பு வரைந்து சரிசெய்ய வேண்டியிருக்கிறது. தமிழ் ஸ்டென்சில் எழுத்துருவுக்கு உண்மையான தேவை இங்கேதான் இருக்கிறது. சினிமாச் சுவரொட்டியில் அன்று.

எழுத்துருவில் இருக்க வேண்டியவை

அண்மை ஆண்டுகளில் தமிழுக்குக் கிடைத்த இலவசக் காட்சி எழுத்துருக்கள் குறிப்பிடத்தக்கவை. ஏக் டைப் குழுவின் ‘பலூ தம்பி’ கனத்த, உருண்ட வடிவம். இலங்கையைச் சேர்ந்த தாரிக் அசீஸின் ‘கவிவனார்’ சாய்ந்த கையெழுத்து. இரண்டும் தூரிகையையோ பேனாவையோ மனத்தில் வைத்து வரையப்பட்டவை. வெட்டுக் கருவியிலிருந்து தொடங்கும் எழுத்துருவுக்கு வேறு அடிப்படை வேண்டும்.

கோட்டின் தடிப்பு சீராக இருப்பது முதல் தேவை. தமிழ்த் தட்டச்சு எழுத்து ஏற்கெனவே அந்தத் தோற்றத்துக்கு வாசகரைப் பழக்கியிருக்கிறது. சுழிகளின் உள்வெளி வழக்கத்தைவிடப் பெரிதாக்கப்பட வேண்டும், ஏனெனில் சிறு சுழிக்குள் பிடிப்பு போட்டால் சுழியே மறைந்துவிடும். இதனால் எழுத்தின் அகலம் கூடும், ‘திண்டுக்கல்’ போன்ற பெயர் பலகையில் நீளும். அந்த விலையைக் கொடுத்தே ஆக வேண்டும். பிடிப்பின் திசை எல்லா எழுத்துக்கும் ஒன்றாக இருக்க வேண்டும் என்ற ஆங்கில மரபைக் கைவிடலாம். தமிழில் ஒருமைப்பாடு பிடிப்பின் அகலத்திலிருந்து வரட்டும். இடம் எழுத்துக்கு எழுத்து மாறட்டும்.

முரட்டு விளிம்பைக் கோப்பிலேயே வரைந்து வைப்பது தேவையற்றது. சாக்கில் ஒற்றினால் சாக்கு அதைத் தரும், சுவரில் அடித்தால் சுண்ணாம்பு தரும். கணினியில் வரைந்த பிசிறு ஒவ்வொரு ககரத்திலும் ஒரே இடத்தில் ஒரே மாதிரி திரும்ப வந்து தன்னைக் காட்டிக்கொடுத்துவிடும். லேசருக்கோ அந்தப் பிசிறு வெட்டும் நேரத்தைக் கூட்டும் வெறும் சுமை.

அளவு மாறும்போது பிடிப்பும் அதே விகிதத்தில் சுருங்குவது இன்னொரு சிக்கல். ஓர் அடி உயர எழுத்தில் உறுதியாக நிற்கும் பிடிப்பு, இரண்டு அங்குல எழுத்தில் நூல்போல் மெலிந்து வளைந்துவிடும். தகட்டின் கனம் மாறாதிருக்க எழுத்து மட்டும் சிறுப்பதால் வருவது இது. அகலமான பிடிப்பு கொண்ட வரைவு ஒன்று சிறிய எழுத்துக்கும், குறுகிய பிடிப்பு கொண்ட மற்றொன்று பெரிய பலகைக்கும் எனக் குறைந்தது இரண்டு வரைவுகள் ஒரே குடும்பத்தில் வேண்டும். மாறும் அச்சுள்ள இன்றைய எழுத்துருத் தொழில்நுட்பத்தில் பிடிப்பின் அகலத்தையே ஓர் அச்சாக வைத்துவிட்டால், தகட்டின் கனத்துக்கு ஏற்ப அதை லேசர் பட்டறையிலேயே கூட்டிக் குறைத்துக்கொள்ளலாம்.